இறந்த மன்னரின் ஆண்டு: ஓர் ஆற்காட்டு ரூபாயை வாசித்த கதை

சென்ற ஷஃபான் மாதத்தில் ஒருநாள், அஸருக்குப் பிந்திய வகுப்பு முடிந்ததும், திருவொற்றியூரிலிருந்து வரும் மாணவன் ஒருவன் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த வெள்ளி நாணயம் ஒன்றை என் முன் வைத்தான். அவனுடைய நன்னிம்மாவின் தகரப் பெட்டியில் இருந்ததாம். கைபேசியில் வந்த விளம்பரம் ஒன்றைக் கண்டு, இதற்கு இரண்டு லட்சம் கிடைக்கும் என்று வீட்டார் நம்பியிருந்தனர். விற்றுத் தருவதற்குப் பதிவுக் கட்டணமாக மூவாயிரம் ரூபாயை முதலில் அனுப்பும்படி யாரோ கேட்டிருந்தார்கள். மறுநாள் அனுப்புவதாக இருந்தார்கள்.

“ஹஜ்ரத், இதுல ஆலம்கீர்னு இருக்கு. ஔரங்கஸீப் காசுதானே?”

அவன் எழுத்துக் கூட்டி வாசித்திருந்ததே எனக்கு மகிழ்ச்சியளித்தது. கடைத்தெருவில் இத்தகைய நாணயங்களை ‘உருது எழுத்துக் காசு’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவார்கள். உண்மையில் அதிலிருப்பது பாரசீகம். அரபு எழுத்தறிந்த நம் பிள்ளைகளுக்கு, நாணயம் சேகரிப்போர் பலர் முயன்று கற்கும் ஒரு திறன் பாதியளவேனும் முன்பே கைவந்திருக்கிறது. நாணயச் சேகரிப்பை அவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்.

ஆயினும் வாசிப்பது வேறு, வாசித்ததை நம்புவது வேறு. நாணயத்தில் இருந்த ஹிஜ்ரி ஆண்டு 1172. ஔரங்கஸீப் ஆலம்கீர் மறைந்தது ஹிஜ்ரி 1118இல், அதாவது 1707இல். ஆகவே இது அவருடையதன்று. அரியணைப் பெயராக அதையே சூடிக்கொண்ட இரண்டாம் ஆலம்கீருடையது. (ஔரங்கஸீபோ, கண்ட இடங்களில் அவமதிப்புக்கு உள்ளாகும் என்று அஞ்சி, நாணயங்களில் கலிமா பொறிப்பதையே நிறுத்தியவர்.) மறுபுறத்தில் ‘ஸர்ப் ஆர்காட்’, அதாவது ஆற்காட்டில் அச்சிடப்பட்டது என்றும், ஆட்சியின் ஆறாம் ஆண்டு என்றும் இருந்தது. 1172 என்பது 1758–59ஆம் ஆண்டுக்கு இணை. மாணவன் விரல்விட்டு எண்ணி, “இருநூத்தி அறுவது வருஷத்துக்கு மேல!” என்றான்.

அவனுடைய கணக்கில் பிழையில்லை. பொய் சொன்னது நாணயம்தான். எழுத்துகளுக்கிடையே சிறு தாமரை ஒன்று இருந்தது. அது சென்னை நாணயச்சாலையின் அடையாளம். ஆற்காட்டு ரூபாயைத் தானும் அச்சிடும் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1742இல் பெற்றது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அச்சிட்ட ஆற்காட்டு ரூபாயில் பிறை இருக்கும். இரண்டிலும் ஊர்ப்பெயர் ஆற்காடுதான்.

ஆண்டின் கதை இன்னும் விந்தையானது. அக்காலத்தில் நாணயம் பழையதாக ஆக, சராப்புகள் அதற்கு ‘வட்டம்’ பிடித்துக்கொண்டே மாற்றித் தருவார்கள். எடை குறையாத வெள்ளியும், பொறித்த ஆண்டு பழையது என்பதற்காகவே மதிப்பிழக்கும். எல்லா நாணயத்திலும் ஒரே ஆண்டைப் பொறித்தால் புதியது பழையது என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டாம் ஆலம்கீர் 1759இல் கொல்லப்பட்டார். அவருடைய பெயரும் 1172ஆம் ஆண்டும் மட்டும் கம்பெனியின் அச்சுகளில் பல பத்தாண்டுகள் உயிரோடிருந்தன. மாணவன் கொண்டுவந்த நாணயம் துல்லியமான வட்டம், விளிம்பு சீரானது. கையால் சுத்தியலடித்துச் செய்ததன்று, எந்திரத்தில் அச்சிட்டது. சென்னையில் அத்தகைய எந்திர அச்சு 1807க்குப் பிறகே வந்தது. 1835இல் இந்தியா முழுமைக்கும் ஒரே ரூபாய் வந்தபோது ஆற்காட்டு ரூபாயின் காலம் முடிந்தது. அப்படியானால் நாணயத்தின் வயது இருநூறை ஒட்டியதுதான். ஏராளமாக அச்சிடப்பட்டதால் இன்றும் கிடைக்கிறது. லட்சங்களுக்கு அங்கே வேலையில்லை.

இதை அவன் தாயாரிடம் தொலைபேசியில் சொன்னபோது மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பழைய நாணயங்களை வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்போரை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்திருப்பதையும் சொன்னேன். மூவாயிரம் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

வெள்ளிக்கு வசதியில்லாதோர் செம்பில் தொடங்கலாம். 1808ஆம் ஆண்டின் இருபது காசு நாணயத்தை நான் பரிந்துரைப்பேன். ஒருபுறம் கம்பெனியின் சின்னம். மறுபுறம், இருபது காசு என்பது நான்கு ஃபுலூஸ் என்று பாரசீகத்தில் கணக்கே எழுதியிருக்கும். காசு நம் சொல். ஃபுலூஸ் நம் ஃபிக்ஹு நூல்களில் வரும் சொல். இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சிட்டுச் சென்னைக்கு அனுப்பப்பட்ட நாணயம் அது. அதை ஏற்றி வந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு நீங்குமுன்பே குட்வின் மணல்திட்டில் மூழ்கிற்று. அன்று சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல் வந்து சேர்ந்திருந்தால் அந்தப் பீப்பாய்களை மசூலாப் படகுகளில் அலை கடந்து கரைசேர்த்திருப்பார்கள். 1980களில் கடலடியிலிருந்து லட்சக்கணக்கில் எடுக்கப்பட்டு, நம் கடைத்தெருவுக்கு வரவேண்டிய அந்தச் சில்லறை இன்று உலகெங்கும் தொடக்கநிலைச் சேகரிப்பாளர் கைகளில் இருக்கிறது.

வாங்குமுன் எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயங்களை ஒருமுறை பார்த்து வாருங்கள். வள்ளலார் நகர்ப் பேருந்து நிலையத்தை நாம் ஏன் இன்றும் ‘மிண்ட்’ என்கிறோம் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். கம்பெனியின் தங்கசாலை இருந்த அத்தெரு இராயபுரத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவுதான். பழைய நாணயத்தைப் புளியிட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், எழுத்தும் மதிப்பும் போகும். நிலத்தில் புதையலாகக் கிடைத்ததை மறைக்காதீர்கள். 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும்.

இன்னொன்று, பலர் மறப்பது. பொழுதுபோக்குக்காக வைத்திருந்தாலும் வெள்ளி வெள்ளிதான். இந்த ரூபாய் ஏறத்தாழ ஒரு தோலா எடை. ஐம்பத்திரண்டரை தோலா நிஸாபுக்கு இதில் ஐம்பத்துச் சொச்சம் நாணயங்களே போதும். வீட்டிலுள்ள மற்றச் சேமிப்போடு சேர்த்தால் அதற்கு முன்பே எட்டிவிடும். ஸகாத் நிறைவேற்றாத சேமிப்பையே ‘கன்ஸ்’ என்று அறிஞர்கள் விளக்கியுள்ளனர். ஆகவே கணக்குப் புத்தகத்தில் வாங்கிய விலையோடு எடையையும் எழுதுங்கள்.

அந்த நாணயத்தை விற்பதில்லை என்று அவன் வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். சிறு காகித உறையில் போட்டு, மேலே அவனே எழுதியிருக்கிறான்: ‘நன்னிம்மா காசு. ஊர் ஆற்காடு – பொய், சென்னை. ஆண்டு 1172 – பொய். தாமரை – உண்மை.’