கிறிஸ்துமஸ் கீத ஆராதனை

கிறிஸ்துமஸ் கீத ஆராதனை என்பது வேதாகமத்தின் ஒன்பது பகுதிகளை வாசித்து, இடையிடையே கிறிஸ்து பிறப்பின் பாடல்களைப் பாடும் ஆங்கிலிக்கன் மரபு வழிபாடு. தமிழ்நாட்டின் சி.எஸ்.ஐ. ஆலயங்களில் இதைக் 'கேரல் சர்வீஸ்' என்பார்கள். ஆலயத்துக்கு வழக்கமாக வராத சுற்றத்தாரையும் நண்பர்களையும் கூப்பிட இதைவிடத் தோதான ஆராதனை கிடையாது. காரணம், அழைப்பவரின் சாமர்த்தியம் அல்ல, ஆராதனையின் அமைப்பு. திருவிருந்து ஆராதனைக்கு வரும் புதியவர், எப்போது எழுவது, எப்போது முழங்காலிடுவது என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர்கள் அப்பமும் ரசமும் பெற வரிசையாகப் போகும்போது அவர் மட்டும் பெஞ்சில் தங்கிவிடுகிறார். கீத ஆராதனையில் வழக்கமாகத் திருவிருந்து இல்லாததால், வந்தவரும் வீட்டாரும் தனித்தனியாகப் பிரியும் அந்த நேரமும் வருவதில்லை.

இதன் பிறப்பிலேயே அழைப்பு இருக்கிறது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள ட்ரூரோவில், வீடுவீடாகச் சென்று பாடிவந்த பாடகர் குழு 1878-இல் அந்த வழக்கத்தை நிறுத்தி, கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு 10 மணிக்கு ஆலயத்திலேயே பாடப்போவதாக அறிவித்தது. அதுவரை பாட்டு சனங்களைத் தேடிப் போனது. இனிச் சனங்கள் பாட்டைத் தேடி வர வேண்டும். 1880 டிசம்பர் 24 அன்று பேராயர் எட்வர்ட் வைட் பென்சன் அதற்கு ஒன்பது வாசகங்களைச் சேர்த்து முழு வடிவம் கொடுத்தார். பேராலயம் அப்போதுதான் கட்டப்பட்டு வந்ததால், ஆராதனை நடந்தது ஒரு தற்காலிக மரக்கொட்டகையில். ஆண்களை மதுக்கடையிலிருந்து இழுக்கவே பென்சன் இதைச் செய்தார் என்ற கதை பரவலாக உண்டு. ஆனால் 1878-இன் அறிவிப்பு, சபையாரில் முக்கியமானவர்களின் விருப்பத்தையே காரணமாகச் சொன்னது. பாடகர் குழுச் சிறுவனில் தொடங்கி, படிப்படியாக ஏறி, பேராயரில் முடியும் வாசிப்பு வரிசையும் பென்சன் ஏற்படுத்தியதே. தமிழ்ச் சபைகளில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளை, வாலிபர் சங்கம், பெண்கள் ஐக்கிய சங்கம், கடைசியில் ஆயர் என்று வாசிப்பதும் இதன் வழிவந்ததுதான். பேத்தி வாசிக்கிறாள் என்றால் தாத்தா வராமல் இருப்பாரா? எந்த அழைப்பிதழும் அதற்கு ஈடாகாது.

முதல் உலகப் போரில் படைக்குருவாக இருந்த எரிக் மில்னர்-வைட், 1918-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்துக்கு இதைக் கொண்டுவந்தார். போரைக் கண்டு திரும்பியவர்களுக்குப் பழைய ஆராதனை முறை போதாது என்பது அவர் எண்ணம். 1928-இல் பிபிசி வானொலி இதை ஒலிபரப்பியது. 1930 நீங்கலாக ஆண்டுதோறும் ஒலிபரப்பு தொடர்கிறது.

இது வழிபாடா, கச்சேரியா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் ஆதியாகமத்தில் மனிதனின் வீழ்ச்சியில் தொடங்கி, யோவான் முதல் அதிகாரத்தில் முடியும் வாசகங்கள் ஒரே கதையைக் கோவையாகச் சொல்கின்றன; பாட்டுக்காக மட்டும் வந்தவரும் அதைக் கேட்காமல் போக முடியாது. வருடத்துக்கு ஒருமுறை வருவதில் என்ன பயன் என்பது இன்னொரு ஆட்சேபம். அந்த ஒருமுறைக்காக உண்டானதை, ஞாயிறுதோறும் வருவோர் கணக்கை வைத்து எடைபோடுவது சரியல்ல. மதமாற்றத்துக்கான தூண்டில் இது என்ற ஐயம் நம் நாட்டில் எழுவதுண்டு. கேட்பதும், விரும்பினால் கூடப் பாடுவதும் தவிர இந்த ஆராதனை விருந்தினரிடம் வேறெதையும் கேட்பதில்லை என்பதே அதற்குப் பதில். அந்தப் பதில் நிற்க வேண்டுமானால், முடிவில் நீண்ட பிரசங்கம் வைத்து, புதிதாக வந்தவர்களைக் கையுயர்த்தச் சொல்லி, தொலைபேசி எண் வாங்கும் வேலையெல்லாம் இதில் நுழையக் கூடாது.