முட்டைக் கூடையும் மோட்டார் வண்டியும்

என் அப்பத்தாவின் சரித்திர ஞானம் மிகவும் சுருக்கமானது. உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான் உண்டு என்பாள். வில்வண்டியில் போகிறவர்கள் ஒரு வகை. கட்டை வண்டியில் போகிறவர்கள் இன்னொரு வகை. "பண்ணையார் வண்டியிலே வில்லு இருக்கும், நம்ம வண்டியிலே வைக்கோலு இருக்கும். அம்புட்டுத்தான்டா வித்தியாசம்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். கல்யாணமான புதிதில் அவள் கோழி வளர்த்து, முட்டை சேர்த்து, உமி பரப்பிய கூடையில் அடுக்கி, கட்டை வண்டியில் சந்தைக்குக் கொண்டு போவாளாம். சந்தையில் இறங்கியதும் முதல் வேலை முட்டை விற்பதல்ல. உடைந்தது எத்தனை என்று எண்ணுவதுதான். உப்பும் எண்ணெயும் எவ்வளவு வாங்கலாம் என்பது அந்த எண்ணிக்கையைப் பொறுத்தது.

அப்பத்தா சொன்ன வில்லைத்தான் இப்போது ஸ்பிரிங் என்கிறோம். ஸ்பிரிங், அதைச் சக்கரத்தோடு சேர்க்கும் கைகள், துள்ளலை அடக்கும் கருவிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மோட்டார்க்காரர்கள் 'சஸ்பென்ஷன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மோட்டார் சாஸ்திரத்தில் எனக்கு அதிகப் பழக்கம் கிடையாது. ஆனால் பிரெஞ்சு தேசத்துக் கார் ஒன்றின் கதையைப் படித்துக்கொண்டு வந்தபோது, அதன் நடுவிலே அப்பத்தாவின் முட்டைக் கூடை உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

பாரிஸ் நகரத்தில் ஆந்திரே சித்ரோயேன் என்பவர் நடத்திவந்த பெரிய மோட்டார் கம்பெனி 1934-ஆம் ஆண்டு கடைசியில் திவாலாகிவிட்டது. அடுத்த ஆண்டே அவரும் காலமானார். கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர்களாகிய மிஷ்லின் டயர் கம்பெனிக்காரர்கள் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் அனுப்பிய ஆட்களில் ஒருவர் பியேர் பூலான்ஷே. நெட்டையான மனிதர், அதிகம் பேசாதவர், காசை எண்ணிச் செலவு செய்கிறவர். திவாலான வீட்டுக்கு நிர்வாகியாக வருகிறவர் வேறு எப்படி இருக்க முடியும்?

அந்தக் காலத்துப் பிரான்ஸில் பாதி ஜனங்கள் கிராமங்களில்தான் இருந்தார்கள். குடியானவன் சந்தைக்குப் போக வேண்டுமானால் குதிரை வண்டி அல்லது கால்நடை. கார் என்பது டாக்டருக்கும் நோட்டரிக்கும் உரியது. பூலான்ஷே தம் என்ஜினீயர்களைக் கூப்பிட்டு ஒரு புது வண்டிக்கு லட்சணம் சொன்னார். மரச்செருப்புப் போட்ட இரண்டு குடியானவர்களும் 50 கிலோ உருளைக்கிழங்கும் அதில் ஏற வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் போதும். 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோலுக்கு மேல் குடிக்கக் கூடாது. விலை மிகவும் மலிவாக இருக்க வேண்டும்.

இத்தனையும் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னாராம். ஒரு கூடை முட்டையை வைத்துக்கொண்டு உழுத வயலின் குறுக்கே ஓட்டினால், ஒரு முட்டைகூட உடையக் கூடாது!

இந்தக் கடைசி நிபந்தனை எவ்வளவு பொல்லாதது என்பது கொஞ்சம் கணக்குப் போட்டால்தான் தெரியும். பெரிய மனிதரின் கார் ஒன்றரை டன் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நான்கு பேர் ஏறினால் சுமார் 300 கிலோ கூடும். ஐந்தில் ஒரு பங்கு. வண்டி அதைப் பொருட்படுத்தாது. ஆனால் 500 கிலோ கனமுள்ள சின்னக் காரில் அதே நான்கு பேர் ஏறினால் பாதிக்கு மேல் பாரம் கூடிவிடுகிறது. ஸ்பிரிங் இளக்கமாக இருந்தால் வண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிடும். விறைப்பாக வைத்தாலோ, ஓட்டுகிறவர் தனியாகப் போகும்போது அவர் எலும்பை எண்ணிவிடும். ஆகவே சின்னக் கார் செய்கிறவர்கள் வழக்கமாக விறைப்பான பட்டை வில்லைப் போட்டுவிட்டு, 'கொடுத்த காசுக்கு இவ்வளவுதான்' என்று இருந்துவிடுவார்கள். குலுக்கல் ஏழையின் தலையெழுத்து என்பது அப்பத்தாவின் சித்தாந்தம் மட்டுமல்ல. மோட்டார் முதலாளிகளின் சித்தாந்தமும் அதுதான்.

ஆந்திரே லெபேவ்ர் என்ற தலைமை என்ஜினீயரின் ஆட்கள் வேலையில் இறங்கினார்கள். வண்டிக்கு அவர்கள் வைத்த பெயரே 'மிகச் சிறிய வண்டி' என்பதுதான். கனத்தைக் குறைக்க அலுமினியத்தையும் மக்னீஸியத்தையும் உபயோகித்தார்கள். கூரைக்குக் கித்தான் துணி. முன்னால் ஒரே ஒரு விளக்கு. சட்டம் ஒன்றுதான் கேட்டது! ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கையின் அடியில் எஃகுத் தண்டுகளை வைத்தார்கள். சக்கரம் எழும்பினால் தண்டு முறுக்கிக்கொள்ளும். இறங்கினால் முறுக்கு அவிழும். பூலான்ஷே தலையில் தொப்பியோடு வந்து ஏறிப் பார்ப்பாராம். தொப்பி தட்டினால் வண்டி திரும்பவும் பட்டறைக்குப் போகும்.

1939-ஆம் ஆண்டில் சுமார் 250 வண்டிகள் தயாராயின. அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் காட்டுவதாக ஏற்பாடு. செப்டம்பர் 3-ஆம் தேதி பிரான்ஸ் ஜெர்மனியோடு யுத்தம் தொடங்கிவிட்டது. கண்காட்சி நடக்கவில்லை. அடுத்த கோடையில் ஜெர்மானியர் பாரிஸுக்குள் வந்துவிட்டார்கள். இந்த வண்டி அவர்கள் கையில் சிக்கக் கூடாது என்று பூலான்ஷே உத்தரவிட்டார். பெரும்பாலானவற்றை உடைத்துப் போட்டார்கள். சிலவற்றை ஒளித்து வைத்தார்கள். சொந்தக் குழந்தையைத் தாமே அழிப்பது போன்ற காரியம் அது.

யுத்தம் முடிந்தது, ஆனால் கஷ்டம் முடியவில்லை. அலுமினியத்துக்கும் மக்னீஸியத்துக்கும் எட்டாத விலை. பழைய படத்தை வைத்துக்கொண்டு வண்டி செய்தால் குடியானவன் வாங்க முடியாது. மலிவான எஃகுத் தகடுதான் கதி. எஃகு என்றால் கனம் கூடும். கனம் கூடினால் முன்னே போட்ட கணக்கெல்லாம் தப்பாகும். இந்த இடத்தில் சாதாரண நிர்வாகி என்ன செய்திருப்பார்? முட்டைக் கூடையை மறந்துவிட்டு, நாலு பட்டை வில்லைப் போட்டு அனுப்பியிருப்பார். யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். பஞ்ச காலத்தில் ஓடுகிற வண்டி கிடைத்ததே பெரிது அல்லவா?

பூலான்ஷே அந்தக் கூடையை விடவில்லை. அல்போன்ஸ் போர்ஸோ என்ற என்ஜினீயர் சஸ்பென்ஷனை முழுக்கப் புதிதாக யோசித்தார். முன்பைவிடக் குறைந்த செலவில், முன்பைவிட மேலானதாக அது வர வேண்டும்.

அவர் செய்த யுக்தியைச் சொல்கிறேன். படம் இல்லாமலே புரிந்துவிடும். ஒவ்வொரு சக்கரமும் ஒரு நீண்ட கையின் நுனியில் இருக்கிறது. முன் சக்கரத்தின் கை முன்னோக்கி நீண்டிருக்கும். பின் சக்கரத்தின் கை பின்னோக்கி. வண்டியின் இரண்டு பக்கத்திலும் தரைத்தகட்டின் அடியில் படுத்த வாக்கில் ஒரு குழாய். அந்தக் குழாய்க்குள்ளே இரண்டு சுருள் ஸ்பிரிங்குகள். ஒன்றை முன் சக்கரத்தின் கை ஒரு கம்பியால் இழுக்கிறது, மற்றொன்றைப் பின் சக்கரத்தின் கை இழுக்கிறது. சூட்சுமம் என்னவென்றால், அந்தக் குழாயை வண்டியோடு இறுக்கி முடுக்கவில்லை. அது முன்னும் பின்னும் சிறிது நகரும்.

முன் சக்கரம் ஒரு மேட்டில் ஏறுகிறது. அதன் ஸ்பிரிங் நெருங்குகிறது; குழாயும் முன்பக்கமாக நகர்கிறது. நகர்ந்த குழாய் பின் சக்கரத்தின் கம்பியையும் இழுக்க, பின் சக்கரம் தரையை இன்னும் அழுத்தி மிதிக்கிறது. ஆகவே வண்டியின் மூக்கு மட்டும் தூக்காமல், முன்னும் பின்னும் சேர்ந்து மெல்ல எழும்புகிறது.  முன்னால் இருப்பவனுக்கு வரப்போகும் மேட்டைப் பின்னால் இருப்பவனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிற ஏற்பாடு இது. ஒரே பாரம் சுமக்கும் இரண்டு பேருக்கு இப்படித்தானே பழக்கம் இருக்க வேண்டும்?

துள்ளலை அடக்குவதற்கு எண்ணெய் நிரப்பிய விலையுயர்ந்த கருவி ஒன்றும் ஆரம்பத்தில் இல்லை. கைகள் திரும்பும் இடத்தில் உராயும் தட்டுகள். ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் ஒரு சின்ன உருளை. அதற்குள் ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் ஓர் இரும்புக் கட்டி. சக்கரம் மேலே துள்ளினால் கட்டி பின்தங்கி, எதிர்த்து மிதித்து அதை அடக்கிவிடும். இரும்புக் கட்டி என்ன விலை பெறும்!

குறைகள் இல்லாமல் இல்லை. திருப்பத்தில் வண்டி பாய்மரப் படகுபோலச் சாய்ந்தது; புதிதாக ஏறினவர்கள் பயந்து போனார்கள். பின்னால் மூட்டை ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கிக்கொள்ளும்; விளக்கு வெளிச்சம் மரக்கிளைகளைத் தேடும். அதற்கும் பரிகாரம் வைத்தார்கள். ஓட்டுகிறவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு குமிழைத் திருகி விளக்கைத் தாழ்த்தலாம். ஸ்பிரிங்கை விறைப்பாக்குவதைவிட விளக்கைத் தாழ்த்துவது மலிவு. இளக்கத்தை விட்டுக்கொடுக்காமல் செலவையும் ஏற்றாமல் இருக்க இப்படி நூறு யோசனை!

1948 அக்டோபர் 7-ஆம் தேதி பாரிஸ் கண்காட்சியில், ஜனாதிபதி வென்சான் ஒரியோல் முன்னிலையில் திரையை விலக்கினார்கள். சாம்பல் நிறம், நெளிநெளியான தகடு, கித்தான் கூரை, 375 சி.சி. என்ஜின், 9 குதிரைச் சக்தி. பத்திரிகைக்காரர்கள் கேலி செய்தார்கள். தகர டப்பா திறக்கும் கருவியும் இதனுடன் கிடைக்குமா என்று ஓர் அமெரிக்கர் கேட்டதாகக் கதை உண்டு. வரி வகுப்பை ஒட்டி வண்டிக்கு 'இரண்டு குதிரை' என்று பெயர்.

கேலி செய்தவர்கள் நகரவாசிகள். கிராமத்தான் அதில் ஏறி உட்கார்ந்து பார்த்தான். தன் இடுப்பைக் கேட்டான். இடுப்பு நல்ல பதில் சொன்னது. 1949-இல் உற்பத்தி ஆரம்பித்தபோது நாளைக்கு நான்கு வண்டிகள்தான் செய்ய முடிந்தது. வாங்குகிறவர்கள் ஆண்டுக் கணக்கில் காத்திருந்தார்கள். கிராமத்து டாக்டர், மருத்துவச்சி, மாட்டு வைத்தியர், பாதிரியார், சிறு குடியானவன் ஆகியோருக்கு முதலிடம். சீக்கிரம் கிடைக்கிறதே என்று பழைய வண்டியைப் புது வண்டியைவிட அதிக விலைக்கு வாங்கினவர்களும் இருந்தார்கள்.

இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. அதே கம்பெனி எண்ணெயும் வாயுவும் கொண்டு, மெத்தையில் மிதப்பதுபோல் போகிற அதிசய சஸ்பென்ஷன் ஒன்றை வசதியுள்ளவர்களின் காருக்காகச் செய்தது. நான்கு சக்கரங்களுக்கும் அதைப் பொருத்திய 'டி.எஸ்.' என்ற கார் வெளிவந்தது 1955-ஆம் ஆண்டு. அதாவது, அந்த வீட்டில் சுகமான சவாரி முதலில் குடியானவனுக்குக் கிடைத்தது. ஏழு வருஷம் கழித்துத்தான் கனவான்களுக்குக் கிடைத்தது! பண்ணையாருக்கு முந்திக் கட்டை வண்டிக்காரனுக்கு வில் வந்த சம்பவம் சரித்திரத்தில் அடிக்கடி நடப்பதில்லை.

பூலான்ஷே இந்த வெற்றியை முழுவதும் பார்க்கவில்லை. 1950 நவம்பரில், தம் கம்பெனிக் கார் ஒன்றை ஓட்டிச் செல்கையில் சாலை விபத்தில் இறந்துபோனார். அவர் வண்டியோ 1990 ஜூலை வரையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உற்பத்தியாகிக்கொண்டிருந்தது. 38 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். உராயும் தட்டும் இரும்புக் கட்டியும் போய் எண்ணெய்க் கருவி வந்தது, என்ஜின் பெரிதாயிற்று, நகர்கிற குழாய் மட்டும் கடைசி வரை மாறவில்லை. 1994-இல், கம்பெனியின் பழைய சோதனைத் திடலான லா பெர்த்தே விதாமில் ஒரு களஞ்சியத்தின் பரணிலிருந்து மூன்று வண்டிகள் அகப்பட்டன. யுத்தத்துக்கு முன் செய்தவை! உடைக்கச் சொன்ன உத்தரவுக்குத் தப்பி, வைக்கோல் வைக்கும் இடத்தில் அரை நூற்றாண்டு ஒளிந்திருந்தன.

மலிவாகச் செய்வது கஷ்டமில்லை. சுகமாகச் செய்வதும் கஷ்டமில்லை. மலிவாகச் செய்யும்போது, 'இவனுக்கு இது போதும்' என்று எண்ணாமல் இருப்பதுதான் கஷ்டம். பூலான்ஷேயிடம் பணம் இல்லை, நல்ல உலோகம் இல்லை, காலமும் அவர் பக்கம் இல்லை. முட்டை உடையக் கூடாது என்ற பிடிவாதம் ஒன்றுதான் இருந்தது.

அப்பத்தா இந்தக் கதையைக் கேட்காமலே போய்விட்டாள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். குழாயையும் கம்பியையும் பற்றி ஒன்றும் விசாரித்திருக்க மாட்டாள். "அந்தத் துரை முட்டையை நெனச்சாரா!" என்று வியந்துவிட்டு, சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பாள்.