ஸ்கூபா ஃபினுக்கு வீட்டில் செய்யும் ஸ்பிரிங் பட்டை: தருமபுரியிலிருந்து ஓர் ஆய்வு

1. எல்லையும் கருத்தும்

தருமபுரி மாவட்டத்துக்குக் கடல் இல்லை. ஒகேனக்கல்லில் காவிரி உண்டு. ஆனால் அங்கிருக்கும் பாறையும் சுழலும் ஸ்கூபாவுக்கு ஏற்றவை அல்ல. இங்கிருந்து கடலுக்குள் இறங்க விரும்புபவர் புதுச்சேரி, அந்தமான் போன்ற இடங்களுக்குப் போகவேண்டும். கருவியை எங்கே வாங்கினாலும் அதைப் பழுது பார்ப்பது வீட்டில்தான். ஒகேனக்கல் பரிசலோட்டிகள் தோல் போர்த்திய பரிசலை விட்டு பிளாஸ்டிக் விரிப்புக்கும் தாருக்கும் மாறியபோதும், ஓட்டையைத் தாங்களே அடைத்துக்கொள்ளும் பழக்கத்தை விடவில்லை. அந்தப் பழக்கத்தை ஒரு சிறு உறுப்பின் மேல் செலுத்திப் பார்ப்பதே இக்கட்டுரை. நீந்தும்போது காலில் மாட்டும் துடுப்பு ஃபின். திறந்த குதிகால் கொண்ட ஃபினைப் பாதத்தோடு பிடித்து வைக்கும் பட்டைதான் அந்த உறுப்பு. ஸ்பிரிங் பட்டை செய்பவர்கள் கவனத்தையெல்லாம் அதன் சுருளின் மேல் வைக்கிறார்கள். பட்டையின் ஆயுளோ அதன் இரு முனைகளில் இருக்கிறது.

2. முன்வரலாறு

பிரான்சின் லூயி த கோர்லியூ 1933ல் ஃபினுக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் ஓவன் சர்ச்சில் 1940ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம் பக்கத்தில் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது. சங்கு குளிப்பு தொடர்ந்தது. கீழக்கரைப் பக்கத்துச் சங்கு குளிப்பவர்கள் அலுமினியத் தகட்டை வெட்டிப் பாதத்தோடு பிணைத்துத் துடுப்பாக்கிக்கொண்டார்கள். ஃபினைத் தானே செய்துகொள்ளும் மரபு தமிழ்க் கடலில் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

3. ரப்பர் பட்டை ஏன் தளர்கிறது

ஃபினுக்குள் அணியும் நியோபிரீன் காலணி நுண்ணிய வாயுக் குமிழ்கள் நிறைந்த ரப்பரால் ஆனது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். நீர்ப்பரப்பில் உள்ள ஒன்றையும் சேர்த்து 20 மீட்டரில் மொத்தம் மூன்று. குமிழ்கள் சுருங்க, காலணி மெலிகிறது. கரையில் இறுக்கிய ரப்பர் பட்டை அங்கே தளர்ந்துவிடுகிறது. ஃபின் ஆடுகிறது, குதிகால் கன்றுகிறது. இது போதாதென்று வெயிலும் ஓசோனும் ரப்பரை வெடிக்கச் செய்கின்றன. பக்கத்துக்கு ஒரு சுருள் கொண்ட ஸ்பிரிங் பட்டையோ காலணி மெலிந்த அளவுக்குத் தானே சுருங்கிக்கொள்ளும். ஒரு கையால் மாட்டவும் கழற்றவும் முடியும்.

4. சுருளின் கணக்கு

இழுவிசை நீட்சிக்கு நேர்விகிதத்தில் கூடும் என்பது ராபர்ட் ஹூக் 1678ல் விளக்கிய விதி. ஒரு சுருளின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும், சுருள் விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்திலும் அமையும். 1.6 மி.மீ. கம்பி, 12 மி.மீ. சராசரி விட்டம், 60 சுற்று என்று எடுத்துக்கொண்டால் விறைப்பு மி.மீ.க்கு ஏறத்தாழ 0.55 நியூட்டன். காலில் அணிந்திருக்கும்போது 25 மி.மீ. நீண்டால் பக்கத்துக்கு ஏறக்குறைய 1.4 கிலோ எடையின் இழுவை. மாட்டும்போது 75 மி.மீ. இழுத்தால் பக்கத்துக்கு 4.2 கிலோ. இது விரலுக்கு அடங்கும். நெருக்கிச் சுற்றிய சுருளில் தொடக்க இறுக்கம் கொஞ்சம் உண்டு. அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கம்பியை மட்டும் 2 மி.மீ. ஆக்கினால் விறைப்பு 2.44 மடங்காகிறது. அதே 75 மி.மீ.க்கு இரு பக்கமும் சேர்த்து 20 கிலோ. அலையில் ஆடும் படகில் நின்றுகொண்டு அதை இழுப்பது கடினம்.

5. உலோகம்

கைக்கு எளிதில் கிடைப்பது டூவீலர் கடையின் சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங். அதை எடுக்கவே கூடாது. கார்பன் எஃகால் ஆன அது கடல்நீரில் விரைவில் துருப்பிடிக்கும். அதன் கம்பியும் தடிப்பு. வேண்டியது எவர்சில்வர், அதிலும் 316 வகை. 304ல் குரோமியமும் நிக்கலும் இருக்கின்றன. 316ல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கூடுதல். கடல் உப்பின் குளோரைடைத் தாங்குவது அதனால்தான்.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று பாத்திரக் கடையில் சோதிப்பார்கள். ஸ்பிரிங் கம்பிக்கு அச்சோதனை உதவாது. குளிர்நிலையில் இழுக்கப்பட்ட 304 கம்பி தரமானதாக இருந்தும் காந்தத்தில் ஓரளவு ஒட்டும். எனவே வகை எண்ணைக் கேட்டு வாங்குவதே வழி. 2004ல் இம்மாவட்டத்திலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரியின் ஓசூர் வாகனத் தொழிலின் ஊர். ஸ்பிரிங் சுற்றத் தெரிந்தவர்களை அங்கே விசாரிக்கலாம்.

6. முனைகள்

முதலாவது, கொக்கி. இழுவைச் சுருள் நடுவில் உடைவது அரிது. கொக்கி உடலிலிருந்து மேலெழும் வளைவில்தான் முறிவு தொடங்கும்; முறுக்கமும் வளைவும் ஒருசேர விழும் இடம் அது. இடுக்கியால் வளைக்கும்போது கம்பியில் ஒரு கீறல் விழுந்தாலும் விரிசல் அங்கே பிறந்துவிடும். காஸ் வெல்டிங் கடையில் சூடாக்கி வளைப்பது அதைவிடக் கெடுதல். குளிர்நிலை இழுப்பால் வந்த வலு சூட்டில் போய்விடும். 304 ஆனால் துரு எதிர்ப்பும் அவ்விடத்தில் குறையும். ஆகவே கொக்கியை அகன்ற வளைவாக, சுருள் சுற்றப்படும்போதே போட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது, ஃபினோடு சேரும் இணைப்பு. பக்கத்தில் துளை உள்ள ஃபினுக்கு 316 டி ஷேக்கிள் (D வடிவத் திருகு வளையம்) போதும். முளை உள்ளதற்குப் பழைய பட்டையின் கொளுவியையே மீட்டுப் பயன்படுத்தலாம். ஷேக்கிளின் திருகு உதைப்பின் அதிர்வில் கழலும். மெல்லிய எவர்சில்வர் கம்பியால் கட்டிவிட வேண்டும். உலோகம் பிளாஸ்டிக்கைத் தேய்த்துத் துளையைப் பெரிதாக்காதபடி இடையில் நைலான் வாஷர் வேண்டும்.

மூன்றாவது, என் கணிப்பில் மிக முக்கியமானது, காப்புக் கயிறு. சுருளின் உள்ளே 4 மி.மீ. பாலியெஸ்டர் கயிற்றை ஓடவிட்டு, அதன் முனைகளைக் கொக்கியில் கட்டாமல் நேராக ஷேக்கிளில் கட்ட வேண்டும். கயிற்றின் நீளம் சுருள் அளவுக்கு மீறி நீளாதபடி தடுக்கும். கொக்கி முறிந்தாலும் ஃபின் கையைவிட்டுப் போகாது. கொக்கியிலேயே கட்டினால் கொக்கியோடு கயிறும் போகும். நைலான் நனைந்தால் நீளும், பாலியெஸ்டர் அப்படியில்லை.

7. அளவும் உறையும்

காலணி அணிந்து, பாதத்தை ஃபினுக்குள் முழுதும் நுழைத்து, ஒரு பக்க இணைப்பிலிருந்து குதிகாலைச் சுற்றி மறுபக்க இணைப்பு வரை நாடாவால் அளக்க வேண்டும். அந்த அளவைவிடத் தளர்ந்த பட்டை 50 மி.மீ. குறைவாக இருக்கட்டும். இரு சுருளுக்கும் நடுவே குதிகாலுக்கு அகன்ற ரப்பர் திண்டு, அதில் விரல் நுழையும் வளையம். காலணி மாறினால் அளவும் மாறும்.

சுருளை இறுக்கமான குழாயால் மூடுவது நல்லதென்று தோன்றும். எவர்சில்வரின் மேற்படலம் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் தேவை; உப்புநீர் தேங்கிய மூடிய இடுக்கில் அது கிடைக்காமல் அரிப்பு தொடங்கும். வலைப்பின்னல் உறையோ தளர்ந்த குழாயோ போதும்.

8. சோதனை

முதலில் தரையில்: 5 கிலோ எடையை ஒவ்வொரு சுருளிலும் தொங்கவிட்டு நீட்சியை அளக்க வேண்டும். இரண்டும் ஒத்திருக்க வேண்டும். எடையை எடுத்ததும் பழைய நீளத்துக்குத் திரும்ப வேண்டும். பிறகு நீச்சல் குளத்தில், துணையோடு. விவசாயக் கிணற்றில் தனியாக இறங்கிச் சோதிப்பது கூடாது. கடலிலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலச வேண்டும். நம் போர்வெல் நீர் கடினமானதால் குழாயில் வரும் ஒகேனக்கல் குடிநீர் மேல். புதுப் பட்டையோடு போகும் முதல் பயணத்தில் பழைய ரப்பர் பட்டையும் பையில் இருக்கட்டும்.

செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி இயந்திரவியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை உங்கள் செய்முறைத் திட்டமாக எடுங்கள். கொக்கி எத்தனை இழுப்பில் முறிகிறது என்பதை உப்புநீரில் வைத்து அளந்து, முடிவைத் தமிழில் எழுதிச் சங்கு குளிப்பவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.