தொண்டர் சென்ற பின்னும் வகுப்பு நடந்ததா? – தோட்டப்புறக் கல்வித் தொண்டின் வரலாறு



கோல சிலாங்கூர்க் கடலோரத்தில், ஜெராமுக்கு அருகில் அமைந்துள்ள சுங்கை செம்பிலாங், கெளுத்தி இனத்து மீன் ஒன்றின் பெயரைத் தாங்கிய ஊராகும். கடற்கரையை விட்டு உள்ளே சென்றால் செம்பனைத் தோட்டங்கள் தொடங்கிவிடும். இவ்வட்டாரத்திற்கு உலக வரலாற்றில் ஓர் இடம் உண்டு. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ஆம் ஆண்டு இம்மாவட்டத்தில்தான் தோன்றியது. அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம், பெயரே தமிழ்! அதனைத் தோற்றுவித்த பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே, மலாயா வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலுக்காக 1930-ஆம் ஆண்டு பிரான்சின் புகழ்பெற்ற கோன்கூர் பரிசைப் பெற்றார்.

தோட்டத்திற்கு வரலாறு உண்டு. துரைக்கும் வரலாறு உண்டு. ஆனால் லயத்து வாசலிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை அமர்த்தி, கூலி எதிர்பாராமல் எழுத்தறிவித்த தொண்டர்களின் வரலாறு எங்கே எழுதப்பட்டுள்ளது?

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற நாள்களில் நாட்டின் கல்வி வரலாற்றை அறிக்கைகளின் வரிசையாகவே நாங்கள் மனனம் செய்தோம். 1951 பார்ன்ஸ் அறிக்கை, 1956 ரசாக் அறிக்கை, 1960 ரஹ்மான் தாலிப் அறிக்கை என்று அவ்வரிசை நீண்டது. அவை தேவையானவையே. எனினும், அறிக்கைகள் எட்டாத இடங்களில் பிள்ளைகளின் கல்வியைத் தாங்கிப் பிடித்தவர்கள் வேறு சிலர். அவர்களின் முயற்சிகளுள் சில மறைந்தன; சில நிலைத்தன. ஏன் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இன்று சிறு கல்வி இயக்கங்களை நடத்தும் நமக்கு இக்கேள்வி மிக அவசியமானது.

சட்டம் தந்த பள்ளி

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி கருணையினால் பிறந்ததன்று, சட்டத்தினால் பிறந்தது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தின்படி, 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் ஒரு தோட்டத்தில் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். சட்டம் பள்ளியைக் கேட்டதே தவிர, நல்ல பள்ளியைக் கேட்கவில்லை. ஆகவே, பல தோட்டங்களில் லயத்தின் ஓர் அறையோ கொட்டகையோ பள்ளியாயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ தொழிலாளியோ ஆசிரியரானார். பிள்ளை பத்து வயதைத் தாண்டினால் காட்டில் ஒரு வேலை காத்திருந்தது. தோட்டத்துப் பிள்ளை தோட்டத்திலேயே தங்கிவிட வேண்டும் என்பதுதான் அன்றைய பொருளாதாரத்தின் எதிர்பார்ப்பு.

இந்நிலையில், கல்வியை உரிமையாகக் கேட்கத் தொழிலாளர்கள் எப்பொழுது தொடங்கினர்?

கோரிக்கைப் பட்டியலில் கல்வி

நமது சிலாங்கூர் மாநிலத்திலேயே அதற்கு விடை உண்டு. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. அதனை முன்னின்று நடத்தியது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம். 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் அதன் முதன்மைத் தலைவர்களுள் ஒருவர்.

அவர்களின் கோரிக்கைகளை இன்று படித்தாலும் நெஞ்சம் கனக்கிறது. சீனத் தொழிலாளர்க்கு இணையான சம்பளம், பெண்களிடம் முறைகேடாக நடந்துகொள்வதை நிறுத்துதல், முறையான மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், துரையின் முன் மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் அப்பட்டியலில் இடம்பெற்றது. கல்வியும் தன்மானமும் ஒரே தாளில் எழுதப்பட்டன என்பதை நாம் மறக்கலாகாது.

மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். போராட்டம் பரவியபோது சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படையினர் வரவழைக்கப்பட்டனர். துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். சங்கம் ஒடுக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் சப்பானியப் படைகள் மலாயாவில் இறங்கின. கல்விக் கோரிக்கை கோரிக்கையாகவே நின்றுவிட்டது.

தொண்டர் படை

போர் முடிந்ததும் கெடா மாநிலத்தில் வேறோர் எழுச்சி உண்டாயிற்று. பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமியின் தலைமையில் 'தொண்டர் படை' தோன்றியது. இந்திய தேசிய இராணுவத்தின் கட்டுப்பாட்டையும் அணிவகுப்பையும் கண்டிருந்த தோட்டத்து இளைஞர்கள், அவ்வொழுங்கைத் தங்கள் சமூகத்தைத் திருத்தும் பணிக்குத் திருப்பினர். கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்து, குடியால் சீரழிந்த குடும்பங்களை மீட்க முனைந்தனர்.

கள் ஒழிப்புக்கும் கல்விக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வாரச் சம்பளமோ மாதச் சம்பளமோ கள்ளுக்கடையில் கரையும் வீட்டில், சிலேட்டுப் பலகை வாங்கவும் காசு இராது. இதனை ஆசிரியர்கள் நன்கறிவர். இன்று கள்ளின் இடத்தில் வேறு மது வந்துள்ளது. வீட்டின் நிலை ஒன்றே.

ஆயினும், 1947-ஆம் ஆண்டில் காவல்துறையினருடன் மோதல்கள் மூண்டன. கைதுகளும் வழக்குகளும் தொடர்ந்தன, படை கலைந்தது. கிள்ளானிலும் கெடாவிலும் வீரத்திற்குக் குறைவில்லை. இரண்டையும் வீழ்த்தியது ஆட்சியின் ஒடுக்குமுறை என்பதில் ஐயமில்லை. எனினும் ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தலைவர்களை அகற்றினால் இயக்கம் நின்றுவிடும் என்பதை ஆட்சியாளர்கள் நன்கு கணித்திருந்தனர்.

பிள்ளைகளே நடத்திய மன்றம்

1950-களில் வேறு வகையான முயற்சி ஒன்று வேரூன்றியது. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி நடத்திய 'தமிழ் முரசு' நாளிதழ், மாணவர்களுக்கென 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதியை வளர்த்தது. அதனைப் படித்த மாணவர்களும் இளைஞர்களும் மலாயாவின் ஊர்களிலும் தோட்டங்களிலும் தாங்களே மன்றங்களை அமைத்தனர். அவை பின்னர்த் தமிழ் இளைஞர் மணிமன்றங்களாக வளர்ந்து, நாடளாவிய பேரவையாக இணைந்தன.

மணிமன்றத்தின் சிறப்பு எது? பேச்சுப் போட்டியும் நாடகமும் மட்டுமல்ல. ஒவ்வொரு கிளைக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர் வேண்டும். கூட்டக் குறிப்பு எழுத வேண்டும். சந்தாப் பணத்திற்குக் கணக்குக் காட்ட வேண்டும். பால்வெட்டுத் தொழிலாளியின் மகன் ஒருவன் மேடையேறி, "அவைத் தலைவர் அவர்களே" என்று தொடங்கிப் பேசியபோது, அவன் மொழியை மட்டும் கற்கவில்லை. ஒரு கூட்டத்தை நடத்தவும், மாற்றுக் கருத்தைப் பொறுமையாகக் கேட்கவும் கற்றான். ஒரு கிளை தூங்கினாலும் மற்றொரு கிளை விழித்திருந்தது. ஒருவரைச் சிறையிட்டோ இடமாற்றியோ அழிக்க இயலாத அமைப்பு அது.

பத்து வெள்ளியின் வலிமை

அதே காலத்தில் ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினர். தோட்டத் துண்டாடலால் வேலையும் வீடும் ஒருங்கே பறிபோயின. பிள்ளைகளின் பள்ளியும் அவற்றோடு போயிற்று. 1960-ஆம் ஆண்டு துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்திப் பங்குதாரராயினர். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டமாகும். சம்பந்தன் 1979-ஆம் ஆண்டு மறைந்தார், சங்கம் மறையவில்லை. உறுப்பினர், ஆண்டுக் கூட்டம், கணக்கு என்ற மூன்றும் அதற்குத் தூண்களாய் அமைந்திருந்தன.

பட்டதாரிகள் திரும்பி வந்தனர்

1970-களில் தோட்டப்புற மாணவர்களுக்குப் புதிய சோதனை ஏற்பட்டது. 1970-ஆம் ஆண்டு முதலாம் வகுப்பில் தொடங்கி, ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிப் பள்ளிகளாக மாறின. தமிழ்ப்பள்ளி மாணவர் 'பெராலிஹான்' எனப்படும் புதுமுக வகுப்பில் ஓராண்டு கழித்தே இடைநிலைக் கல்விக்குள் நுழைந்தனர். வீட்டில் வழிகாட்ட எவருமில்லை. பலர் மூன்றாம் படிவத்திலேயே நின்றனர்.

அக்காலத்தில் பல்கலைக்கழகம் சென்றடைந்த சிலர் தாங்கள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தனர். 1970-களின் இறுதியில் 'இ.டபிள்யூ.ஆர்.எஃப்.' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் கல்வி, சமூகநல, ஆய்வு அறவாரியம் உருவாயிற்று. 1982-ஆம் ஆண்டு மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் எம். தம்பிராஜாவும் மாணவர் சிலரும் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினர். குறைந்த கட்டணத்தில் வகுப்புகள், தன்முனைப்பு முகாம்கள், பத்துமலையில் கல்வி யாத்திரை என்று அதன் பணிகள் நாடெங்கும் விரிந்தன. நமது மக்களின் பக்தியைக் கல்வியின்பால் திருப்பியது அந்நிலையத்தின் தனித்தன்மை.

அதனினும் முக்கியமான ஒன்றுண்டு. அந்நிலையத்தில் பயின்று பல்கலைக்கழகம் சென்ற மாணவர்கள், மீண்டும் அங்கேயே வந்து இளையோர்க்குக் கற்பித்தனர். நேற்றைய மாணவர் இன்றைய தொண்டராயினர். இதுவே அதனைப் பல்லாண்டு தாங்கியது என்பது என் கருத்து.

1990-களில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மாணவர் சிலர் காஜாங், செமினி வட்டாரத் தோட்டங்களுக்கு வகுப்பெடுக்கச் சென்றனர். வகுப்பு நடத்தச் சென்ற இடத்தில் சம்பளக் குறையையும், வீட்டை விட்டு வெளியேற்றும் நோட்டீசையும் கண்டனர். அவர்களுள் சிலர் தொழிலாளர் உரிமைப் பணியில் முழுமையாக இறங்கினர். அவர்களின் அரசியலை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் படிக்கும் பிள்ளைக்கு உறங்க ஒரு வீடு வேண்டும் என்ற உண்மையை அவர்கள் தவறவிடவில்லை.

தோட்டம் கலைந்தது, பிள்ளைகள்?

இரப்பர் அழிந்து செம்பனை பரவியதும் ஆள்தேவை குறைந்தது. குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. 1957-ஆம் ஆண்டு நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. 2007-ஆம் ஆண்டில் அவை 523 ஆயின. தோட்ட நிலத்தில் நின்ற பள்ளிகள் பல, பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே காலம் தள்ளின. அவற்றின் கூரைக்கும் கழிவறைக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி மேலாளர் வாரியமும் நன்கொடைப் புத்தகத்துடன் அலைந்தன. அவர்களும் கல்வித் தொண்டர்களே. ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பாட்டிமார்களையும் அப்பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தாய் விடியற்காலைப் பெரட்டுக்குச் சென்றபின், மூத்த பிள்ளைகள் பள்ளிக்குச் செல்ல முடிந்ததற்குக் காரணம் அக்கொட்டகைதான். இல்லையேல், தம்பி தங்கையைக் காப்பதற்கு அக்காள் வீட்டில் நின்றிருப்பாள்.

வரலாறு கூறும் பாடம்

இவ்வரலாற்றிலிருந்து நான் பெறும் முடிவு ஒன்றே. தொண்டு இயக்கத்தின் உண்மையான வெற்றி, எத்தனை பிள்ளைகள் பயின்றனர் என்பதில் மட்டும் இல்லை. நடத்தியவர் விலகிய பின்னும் வகுப்பு நடந்ததா என்பதில் இருக்கிறது.

கோல சிலாங்கூர் முதல் சபாக் பெர்ணம் வரை, இன்றும் ஓர் ஆசிரியரின் அல்லது ஓர் இளைஞரின் தோளில் மட்டுமே நிற்கும் மாலை வகுப்புகள் எத்தனையோ. அவருக்குத் திருமணமாகிறது, இடமாற்றம் வருகிறது, உடல்நலம் குன்றுகிறது. அடுத்த மாதமே வகுப்பறை பூட்டப்படுகிறது. பாதியில் விடப்பட்ட பிள்ளை, "நமக்குப் படிப்பு வராது" என்று தன்னையே குறைசொல்லிக் கொள்கிறது. இதைவிடக் கொடுமை வேறென்ன?

ஆகவே, சிறு இயக்கங்களை நடத்தும் நண்பர்களிடம் சிலவற்றைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு பொறுப்புக்கும் இருவரைப் பழக்குங்கள். சாவியும் வங்கிக் கணக்கும் ஒருவரிடமே இருத்தல் கூடாது.

இரண்டாவது, சிறு தொகையாயினும் கணக்கு எழுதிப் பெற்றோர் முன்னிலையில் வாசியுங்கள். நம்பிக்கை அங்கிருந்துதான் பிறக்கிறது.

மூன்றாவது, வகுப்பில் பயின்ற மாணவர் படிவம் நான்கை அடைந்ததும், வாரம் ஒரு மணி நேரம் இளையோர்க்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கச் செய்யுங்கள். கற்பிப்பவனே நன்றாகக் கற்கிறான்.

நான்காவது, தேர்வை மட்டும் நம்பி இயக்கம் நடத்தாதீர்கள். 2021-ஆம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டதும், அதனையே இலக்காகக் கொண்டிருந்த வகுப்புகள் தேவையற்றவையாகத் தோன்றலாம். ஆனால் வாசிக்க இயலாத பிள்ளை தேர்வுக்கு முன்னும் இருந்தது, பின்னும் இருக்கிறது.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையை வகுப்பில் இறக்கிவிட்டுத் திரும்புவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. மாதம் ஒருமுறை கூட்டத்திற்கு வாருங்கள். நாற்காலி அடுக்குங்கள்; வருகைப் பதிவேட்டை எழுதுங்கள். படிக்காதவர் என்று ஒதுங்க வேண்டா. 1941-ஆம் ஆண்டில், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்று வேலையை நிறுத்தியவர்களுள் பெரும்பாலோர் பள்ளிக்கல்வியை முழுமையாகப் பெறாதவர்களே. அவர்கள் கேட்டது முழுமையாகக் கிடைத்துவிட்டதா என்பதை அருகிலுள்ள மாலை வகுப்பிற்குச் சென்று பார்த்தால் தெரியும். அங்கே ஒருவர் தனியாக நின்று கற்பித்துக்கொண்டிருந்தால், இரண்டாமவராக நாம் சென்று நிற்போம்.

அன்புடன்,
தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர்