கொல்லிமலை ஏரியில் டிரவுட் விடலாமா? 1863-ல் தொடங்கும் ஒரு மீன் கதை

கொல்லிமலை போறவங்க லிஸ்ட்ல வழக்கமா நாலு விஷயம் இருக்கும். 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், வாசலூர்பட்டி படகு இல்லம். அந்தச் சின்ன ஏரியில் பெடல் போட் மிதிச்சிட்டு இருக்கும்போது யாருக்கும் தோணக்கூடிய ஒரு கேள்விதான் இன்னைக்கு நம்ம டாபிக்: "நீலகிரியில டிரவுட் மீன் விட்டிருக்காங்களே, இங்கேயும் விட்டு, டிக்கெட் போட்டு தூண்டில் கொடுத்தா செமயா இருக்குமே?"

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நீலகிரியில அந்த மீன் எப்படி வந்துச்சுன்னு முதல்ல பார்த்துடுவோம்.

ஐஸ் இல்லாம மீன் வராது

டிரவுட் நம்ம ஊர் மீன் இல்லை. குளிர்ந்த, ஓடுற, ஆக்சிஜன் நிறைய இருக்கற தண்ணி அதுக்கு வேணும். 10 முதல் 15 டிகிரி வரைக்கும் இருந்தா சந்தோஷமா இருக்கும். 20-ஐத் தாண்டினா திணற ஆரம்பிச்சிடும்.

19-ஆம் நூற்றாண்டில் ஊட்டிக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் அந்த மலை தங்கள் ஊர் மாதிரியே தெரிஞ்சது. குளிர் இருக்கு, புல்வெளி இருக்கு, ஓடை இருக்கு. ஓடையில பிடிக்க டிரவுட் மட்டும்தான் இல்லை. 1863-ல் பிரான்சிஸ் டே முதல் முயற்சியை எடுத்தார். மதராஸ் ராணுவத்தில் மருத்துவரா இருந்தவர், இந்திய மீன்களைப் பற்றிப் பின்னாடி மிகப் பெரிய நூலை எழுதியவரும் இவர்தான். அந்த முயற்சி தோத்துப்போச்சு.

ஏன் தோத்துப்போச்சுன்னு புரிஞ்சுக்க அந்தக் காலத்துப் பயணத்தை யோசிச்சுப் பாருங்க. சூயஸ் கால்வாய் திறந்ததே 1869-ல்தான். வெப்பமண்டலக் கடலைத் தாண்டி, பிறகு மாட்டு வண்டியில மலை ஏறி வர்ற வரைக்கும் மீனையோ முட்டையையோ குளிர்ச்சியா வச்சிருக்கணும். 1864-ல் டாஸ்மேனியாவுக்குக் கப்பலில் டிரவுட் முட்டைகளைப் பாசியில் பொதிஞ்சு, ஐஸுக்கு நடுவுல வச்சுக் கொண்டுபோய் ஜெயிச்சாங்க. அதுக்கப்புறம்தான் உலகம் முழுக்க இந்த வேலை சூடுபிடிச்சது. 1880-களில் இலங்கையின் நுவரெலியாவுக்கு டிரவுட் வந்துச்சு. 1900-ல் காஷ்மீருக்கு வந்துச்சு.

மீனுக்கு முன்னாடி சட்டம்

இங்கதான் எனக்கு ஆச்சரியமான ஒரு விஷயம். 1877-ல் நீலகிரியில வேட்டைக்கும் மீன்பிடிக்கும் ஒரு சங்கம் ஆரம்பிக்கிறாங்க. 1879-ல் நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்கன்னு மதராஸ் அரசு தனிச் சட்டமே போடுது. ஆனா டிரவுட் அந்த மலையில ஒழுங்கா நிலைச்சது 1907-க்குப் பிறகுதான். அதாவது, மீன் நிலைக்கறதுக்கு 28 வருஷம் முன்னாடியே, யார் எப்போ பிடிக்கலாம்னு விதி போட வழி செஞ்சாச்சு.

அந்த மேல் பீடபூமியில தலைமுறை தலைமுறையா எருமை மேய்ச்சு வாழ்ந்த தோடர்கள் மரபாகவே மீன் சாப்பிடாதவங்க. அவங்க மேய்ச்சல் நிலத்து ஓடையில வேற யாரோ விளையாட வேற எங்கிருந்தோ மீன் வருது. இதுல அவங்க கருத்தை யாரும் கேட்டதாத் தெரியலை.

அவலாஞ்சியின் தொட்டிகள்

கடைசியில இதைச் சாதிச்சவர் மதராஸ் அரசின் மீன் வளர்ப்பு நிபுணரா இருந்த எச்.சி. வில்சன். ஐரோப்பிய பிரவுன் டிரவுட்டை விட்டுட்டு ரெயின்போ டிரவுட்டைப் பிடிச்சார். வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர மீன் அது, கொஞ்சம் சூட்டையும் தாங்கும். 1907-ல் 2,000 மீட்டருக்கு மேல இருக்கற அவலாஞ்சியில பொரிப்பகம் வந்துச்சு.

அங்க நடக்கற வேலை இதுதான். குளிர் மாசத்துல சினை மீனைப் பிடிச்சு, வயித்தை மெதுவா அழுத்தி முட்டையை எடுக்கணும். ஆண் மீனின் விந்தை அதில் கலக்கணும். ஓடுற குளிர் தண்ணித் தட்டுல வாரக்கணக்கில் வச்சுக் காக்கணும். செத்த முட்டையை அப்பப்போ பொறுக்கி எடுக்கணும், இல்லன்னா பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் பரவிடும். குஞ்சு வளர்ந்த பிறகு கொண்டுபோய் ஓடையிலயும் ஏரியிலயும் விடணும். அடுத்த வருஷம் மறுபடியும் முதல்ல இருந்து.

நம்ம பாஷையில சொன்னா, டெப்ளாய் பண்றது ஒரு நாள் வேலை, மெயின்டெனன்ஸ் நூறு வருஷ வேலை. சாஃப்ட்வேர்ல ஒரு ரோல்பேக் பட்டனாவது இருக்கும். ஓடையில விட்ட மீனைத் திரும்ப எடுக்கவே முடியாது. நீலகிரி வரையாட்டையும் சோலைப் புல்வெளியையும் காக்க 1990-ல் முக்குர்த்தி தேசியப் பூங்கா ஆச்சு. அந்தப் பாதுகாக்கப்பட்ட ஓடைகளில் இன்னைக்கும் அமெரிக்க வம்ச டிரவுட் நீந்துது. உலகின் மோசமான 100 அந்நிய ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் ரெயின்போ டிரவுட்டும் இருக்கு. பூச்சி, தவளைக் குஞ்சு, சின்ன மீன் எல்லாமே அதுக்குச் சாப்பாடு.

அப்போ கொல்லிமலை?

கொல்லிமலை சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர். கோடைப் பகல் 30 டிகிரிப் பக்கம் போகும். தேங்கி நிற்கற சின்ன ஏரியில டிரவுட் ஒரு ஏப்ரலைத் தாண்டாது. சரி, டிரவுட் வேண்டாம், வெயில் தாங்கற வேற மீனை விடலாமேன்னு கேப்பீங்க. எனக்குப் பெரிய பயமே அதுலதான். டிரவுட்டைச் சூடே தடுத்துடும். ஜிலேபி கெண்டையை எது தடுக்கும்? திலாப்பியான்னு சொல்றோமே, அதுதான். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டு வந்த மீன், இன்னைக்கு அது இல்லாத தமிழ்நாட்டுக் குளத்தைத் தேடிக் கண்டுபிடிக்கணும். மலை மேல ஒரு ஏரியில விடறது அங்கேயே நிற்காது, மழைக்கு வழிஞ்சு ஓடையில இறங்கி அடிவாரத்துக்கே போயிடும்.

கொல்லிமலையில மீனோட பொழுதுபோக்க இன்னொரு வழி ஏற்கெனவே இருக்கு. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்து ஆற்று மீன்களை யாரும் பிடிக்கறதில்லை. அறுத்துச் சமைக்கப் போன மீன் மறுபடியும் ஒட்டிக்கிட்டு ஆத்துல குதிச்சதுன்னு ஐதீகம். வர்றவங்க பொரி போட்டுட்டு, மீன் மொய்க்கறதைப் பார்த்துட்டு, பிறகு சாமி கும்பிடப் போறாங்க. நம்பிக்கை இருக்கோ இல்லையோ, அந்த ஊர் மீன் அந்த ஊர் தண்ணியிலேயே நிம்மதியா இருக்க அந்தக் கதை ஒரு காரணம். லைசென்ஸ் இல்லை, பொரிப்பகம் இல்லை.

கடைசியா ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வீட்டுத் தொட்டியில வளர்த்த மீன் பெருசாயிடுச்சுன்னா, பாவம் பார்த்து ஏரியிலயோ ஓடையிலயோ கொண்டுபோய் விட்டுடாதீங்க. வாங்கின கடையிலயே திருப்பி வாங்கிக்குவாங்களான்னு கேளுங்க, இல்லன்னா வளர்க்கற நண்பர் யாருக்காவது கொடுங்க.