பிடி அரிசியும் மசாலா அம்மியும்: நம் வீடுகளின் சிக்கன வரலாறு

பொன்விழா மலர் என்றால் தலைவர்கள், செயலாளர்கள், கட்டடங்கள், விழாக்கள் பற்றிய வரலாறு இடம்பெறுவது வழக்கம். அந்த வரலாறு இம்மலரின் மற்றப் பக்கங்களில் இருக்கிறது. நாம் இங்கே எழுத முற்படுவது நம் வீட்டு அடுப்படியின் வரலாறு. சங்கத்துக்குக் கட்டிய சந்தா, பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த நன்கொடை, ஊருக்கு அனுப்பிய மணியார்டர், பிள்ளையின் பாடப்புத்தகம் எல்லாமே அந்த அடுப்படியில் மிச்சம் பிடித்த காசிலிருந்து வந்தவை. எப்படி மிச்சம் பிடித்தார்கள், அந்த மிச்சம் எங்கே போனது, அதன் பாரத்தை யார் சுமந்தார்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

தறி ஓய்ந்த ஊர்களிலிருந்து

தென்காசியும் கடையநல்லூரும் நெசவு ஊர்கள். அங்கிருந்த முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பாலோருக்குக் கைத்தறிதான் பிழைப்பு. ஆலைத்துணி வந்து கைத்தறித் துணியின் விலை விழுந்தபோது தறிக்குழியில் உட்கார்ந்தவர்களுக்குக் கூலி கிடைக்கவில்லை. பஞ்ச காலங்களும் சேர்ந்துகொண்டன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நம் முன்னோர் கப்பலேறிச் சிங்கப்பூருக்கு வந்ததன் காரணம் இதுதான்.

தமிழகத்தின் மற்ற ஊர்களிலிருந்து வந்த முஸ்லிம்களில் பெரும்பாலோர் தனி ஆண்களாக வந்து, வியாபாரம் செய்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் திரும்பினார்கள். தென்காசி, கடையநல்லூர்க் குடும்பங்களோ பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தன. துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் வட்டாரத்தில் கடைவீட்டு அறைகளிலும் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் குடியேறினார்கள். ஆண்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள். சிறு வியாபாரம் செய்தார்கள். தனி ஆளாக இருந்தால் கடைத்திண்ணையில் படுத்துக்கொண்டு காலம் தள்ளலாம். குடும்பம் என்று வந்துவிட்டால் வாடகை, விறகு, எண்ணெய், மருந்து, பிள்ளைகளின் துணி என்று அத்தனையும் ஒரு கூலிக்குள் அடங்க வேண்டும். நம் சமூகத்தின் சிக்கனப் பழக்கங்கள் அந்த நெருக்கடியில் உருவானவை.

அம்மியில் வந்த வருமானம்

ஒரு கூலி போதாதபோது நம் பாட்டிமார் தங்களுக்குத் தெரிந்த வேலையைக் காசாக்கினார்கள். மிளகாய், கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், மிளகு எல்லாவற்றையும் ஊறவைத்து, அம்மியில் விழுதாக அரைத்து, மார்க்கெட்டில் விற்றார்கள். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் அரைத்த மசாலா வியாபாரம் என்றால் நம் பெண்கள்தான். தமிழர்களோடு மலாய்க்காரர்களும் சீனர்களும் வாங்க வருவார்கள். மீனா, கோழியா, ஆட்டிறைச்சியா, எத்தனை பேருக்குச் சமையல் என்று கேட்டு, ஒவ்வொரு விழுதிலும் கொஞ்சம் வழித்து இலையில் மடித்துக் கொடுப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் அந்த வியாபாரத்தில் மலாய் பேசப் பழகினார்கள். கணக்கை மனத்திலேயே போட்டார்கள்.

விடியும் முன்னே அரைக்கத் தொடங்கினால்தான் காலைச் சந்தைக்கு ஆகும். மிளகாய் அரைத்த கையின் எரிச்சல் தண்ணீரில் கழுவினால் போகாது. கொஞ்சம் தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு அந்தக் கையோடுதான் பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டினார்கள். அன்று விற்காமல் மிஞ்சிய விழுதுதான் வீட்டுக் குழம்புக்கு. அதைக் கொட்டியதாக எந்த வீட்டிலும் பேச்சில்லை.

எதுவும் குப்பைக்குப் போகாத வீடு

ஒரு கைலியின் ஆயுளை எடுத்துக்கொள்வோம். பெருநாளுக்கு வாங்கிய கைலி முதல் வருடம் பள்ளிவாசலுக்கும் விருந்துக்கும் மட்டும். அடுத்து அன்றாட உடுப்பு. சாயம் போய் நைந்ததும் குழந்தைக்குத் தொட்டில். தொட்டில் தாங்காத நிலை வந்தால் கிழித்துக் குழந்தைக்கு அரைத்துணி, பிறகு அடுப்படியில் சட்டி இறக்கும் பிடிதுணி, கடைசியில் தரை துடைக்க. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் அல்லவா, நூலின் அருமை தெரிந்தவர்கள்.

கோதுமை மாவு வந்த வெள்ளைச் சாக்கைத் துவைத்து எழுத்துப் போகக் கசக்கித் தலையணை உறையும் உள்பாவாடையும் தைத்தார்கள். சணல் சாக்கு கால்மிதியானது. மண்ணெண்ணெய்த் தகரம் தண்ணீர் பிடிக்கவும், பால் டின் அரிசி அளக்கவும், பிஸ்கட் டின் பத்திரங்களையும் பிறப்புச் சான்றிதழ்களையும் வைக்கவும் பயன்பட்டன. துறைமுகத்திலிருந்து வந்த உடைந்த பெட்டிப் பலகை விறகாயிற்று. பெருநாள் சட்டைக்கு ஒரே துணியில் மொத்தமாக வாங்கி அண்ணன் தம்பி எல்லோருக்கும் தைப்பார்கள். மொத்தமாக வாங்கினால் விலை குறைவு. பெரியவனுக்குச் சிறுத்தது சின்னவனுக்கு ஆகும்போது வித்தியாசமும் தெரியாது. பெண்பிள்ளையின் பாவாடையில் இரண்டு மடிப்பு வைத்துத் தைத்து, வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவார்கள்.

சாப்பாட்டிலும் அப்படித்தான். இரவில் மிஞ்சிய சோறு தண்ணீர் ஊற்றிக் காலைக்கு. தொட்டுக்கொள்ள வெங்காயமோ துவையலோ சுட்ட கருவாடோ. நெத்திலிக் கருவாடு கொஞ்சம் போட்டால் ஒரு சட்டிக் குழம்புக்கு வாசம் வந்துவிடும். இறைச்சி வெள்ளிக்கிழமைக்கும் விருந்தாளிக்கும். முருங்கைக்கீரை அக்கம்பக்கத்தில் கேட்டால் கிடைக்கும், காசு இல்லை. நோன்பு மாதத்தில் அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு பள்ளிவாசலுக்குப் போய்க் கஞ்சி வாங்கி வருவார்கள். தெலுக் ஆயர் தெருவில், 1827ஆம் ஆண்டிலிருந்து இருந்துவரும் அல் அப்ரார் பள்ளிவாசலை நம் பெரியவர்கள் ‘கூச்சுப் பள்ளி’ என்றே சொல்வார்கள். குடிசையாகத் தொடங்கியதால் வந்த பெயர். நம்மைப் போலவே அதுவும் சிறிதாகத் தொடங்கிய இடம்.

வாழைமர நோட்டு சொன்ன பாடம்

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த மூன்றரை ஆண்டுகளில் அரிசி பங்கீட்டுக்குப் போய், அளவு குறைந்துகொண்டே வந்தது. மரவள்ளிக்கிழங்கை அவித்தார்கள், காயவைத்து மாவாக்கி ரொட்டி சுட்டார்கள், கஞ்சியில் அரிசியைவிடக் கிழங்கை அதிகமாகப் போட்டார்கள். வீட்டோரத்தில் கையகல மண் இருந்தாலும் கீரையும் வள்ளிக்கிழங்கும் நட்டார்கள்.

1945இல் ஜப்பானியர் சரணடைந்ததும் அவர்கள் அச்சடித்திருந்த வாழைமர நோட்டு ஒரே நாளில் வெறும் காகிதமாயிற்று. மூட்டையாக நோட்டு வைத்திருந்தவரும் ஒன்றும் இல்லாதவரும் ஒன்றானார்கள். காதுத்தோட்டை விற்காமல் காப்பாற்றியவள் பிழைத்தாள். பக்கத்து அறைக்காரிக்குக் கிழங்கு கொடுத்தவளுக்குத் திருப்பிக் கொடுக்க ஆள் இருந்தது. அந்தத் தலைமுறைப் பெண்கள் பின்னாளில் குண்டுமணி அளவானாலும் தங்கமாக வாங்கி வைத்ததையும், உறவை முறித்துக்கொள்ளத் தயங்கியதையும் இந்த அனுபவத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் நமக்கு விளங்கும்.

555 நோட்டும் சீட்டும்

போருக்குப் பிந்திய காலத்தில் நம் வீடுகளின் வரவு செலவு மூன்று இடங்களில் நடந்தது. ஒன்று, மளிகைக்கடையின் 555 நோட்டு. உள்ளங்கை அளவு இருக்கும். வாரம் முழுவதும் வாங்கிய அரிசி, எண்ணெய், சீனி எல்லாம் அதில் ஏறும். கூலி கிடைத்த அன்று அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் மறு வாரம் கடைக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் சம்பள நாளில் முதல் செலவு அந்த நோட்டுக்கே.

இரண்டு, பெண்கள் தங்களுக்குள் போட்ட சீட்டு. பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஐந்து வெள்ளி போட்டால் ஒவ்வொரு மாதமும் ஒருத்திக்கு ஐம்பது வெள்ளி. வட்டி இல்லை, பத்திரமும் இல்லை, வாய்ச்சொல்தான். முறைப்படி தன் பெயர் வருவதற்குள் ஒருத்திக்குப் பிரசவமோ மகளுக்குக் கல்யாணமோ வந்தால், மற்றவர்கள் விட்டுக்கொடுத்து அவளை முன்னால் எடுக்கச் சொல்வார்கள். வட்டிக்குக் கடன் வாங்காமல் வாழ வேண்டும் என்ற மார்க்கக் கட்டளையை நம் பெண்கள் இந்த ஏற்பாட்டின் மூலம் காப்பாற்றிக்கொண்டார்கள்.

மூன்று, பிள்ளைகளின் சேமிப்பு. 1877இல் தொடங்கிய அஞ்சலகச் சேமிப்பு வங்கியில் பிள்ளையின் பெயரில் ஒரு புத்தகம். பெருநாள் காசு அதில் போய்விடும். பெருநாள் அன்று மாலை வரைதான் அந்தக் காசு பிள்ளையின் பையில் இருக்கும் என்பது நம்மில் பலர் அறிந்த உண்மை.

மிச்சம் போன இடம்

இத்தனையும் கஞ்சத்தனம் என்றால், சேர்த்த காசு பெட்டிக்குள் இருந்திருக்க வேண்டும். அப்படி இருக்கவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம் ஒன்று உண்டு: உலை வைக்கும் முன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது. அது வீட்டுக்கு இல்லை. மதரஸாவுக்கோ, பள்ளிவாசலுக்கோ, கணவனை இழந்த ஒருத்தியின் வீட்டுக்கோ போகும். தமக்கே போதாத அரிசியில்தான் அந்தப் பிடி.

அதே மனம்தான் பொதுக்காரியங்களிலும். போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. மரவள்ளிக்கிழங்கு தின்ற நாவறட்சி தீராத காலம் அது. 1960இல் உயர்நிலைக் கல்வியும் வந்தது. 1982இல் மூடப்படும் வரை துறைமுகத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். மற்றத் தமிழ்ப் பிள்ளைகளும் படித்தார்கள்.

1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடிகளைக் கட்டியது. 1955இல் தொடங்கிய மத்திய சேம நிதியைக் கொண்டு வீடு வாங்கலாம் என்று 1968இல் அரசு அனுமதித்தது. தஞ்சோங் பகாரில் ஒரே தெருவில் இருந்த குடும்பங்கள் தீவின் பல மூலைகளுக்கும் பிரிந்தன. புதிய பேட்டைகளில் தொழ இடம் வேண்டியிருந்தது. 1975இல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கி, முஸ்லிம் ஊழியர்கள் மாதம் 50 காசு சேம நிதி வழியாகக் கொடுத்தார்கள். 1977இல் தோ பாயோவில் முஹாஜிரீன் பள்ளிவாசல் எழுந்தது. அரை வெள்ளியில் பள்ளிவாசல் கட்டலாம் என்று கேட்டு நம் பாட்டிமார் வியந்திருக்க மாட்டார்கள். பிடி அரிசியின் கணக்கும் அதுதானே!

பிரிந்து போன குடும்பங்களை மறுபடியும் ஒன்றுசேர்க்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்ததே நமது சங்கம். முதல் சந்தாக்களும் அதே சம்பள உறையிலிருந்து வந்தவை.

யார் சுமந்த பாரம்

சிக்கனத்தைப் புகழும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அது விரும்பி ஏற்ற வாழ்க்கை அன்று. வேறு வழி இல்லாததால் வந்தது. அதன் பாரம் வீட்டில் எல்லோர் மீதும் சமமாக விழவுமில்லை. அத்தாவுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் பரிமாறிய பிறகு சட்டியில் மிஞ்சியதுதான் அம்மாவுக்கு. “எனக்குப் பசிக்கவில்லை” என்று அவர்கள் சொன்னதைப் பிள்ளைகள் நம்பினார்கள். மகன் பள்ளிக்கூடம் போக, மூத்த மகள் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவளுடைய படிப்பும் அந்தக் குடும்பம் மிச்சம் பிடித்த பொருள்களில் ஒன்று. இன்று நம் பேத்திகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். அந்த மூத்த மகள்களின் முறைதான் இப்போது வந்திருக்கிறது என்று எண்ணிக்கொள்வது பொருத்தம்.

நன்கொடைப் பட்டியல்களில் ஆண்களின் பெயர்கள் இருக்கின்றன. கொடுத்தவர்கள் அவர்கள், உண்மை. ஆனால் அந்த ஐந்து வெள்ளியும் பத்து வெள்ளியும் மசாலா விற்ற காசாகவும், துவைத்த மாவுச் சாக்காகவும், உண்ணாமல் விட்ட மீன் துண்டாகவும் முதலில் இருந்தன.

நம் காலத்துக்கு

மாவுச் சாக்கில் பாவாடை தையுங்கள் என்று இன்று யாரும் சொல்லப்போவதில்லை. மசாலா பொட்டலமாக வருகிறது; கடன் அட்டை இருக்கிறது; 555 நோட்டு இல்லை. ஆனால் நோட்டு இல்லாத கடன் கண்ணுக்குத் தெரிவதில்லை. நம் கல்யாண விருந்துகளில் மிஞ்சும் பிரியாணியைப் பார்த்தால் இஸ்ராஃப் என்ற சொல் நினைவுக்கு வராமல் போகாது. அளவாகச் சமைப்பதும், மிஞ்சியதை அன்றே பக்கத்து வீட்டுக்கோ தேவைப்பட்டவருக்கோ கொடுப்பதும், பிள்ளையின் கையால் மாதம் ஒரு சிறு தொகையைத் தர்மத்துக்குப் போடவைப்பதும் எந்தக் காலத்துக்கும் ஆகும்.

உறுப்பினர் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டியின் முழுப்பெயர் என்ன, எந்த ஊர், எந்த மார்க்கெட்டில் மசாலா விற்றார், யார் யாரோடு சீட்டுப் போட்டார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிச் சங்கத்துக்குக் கொடுங்கள். கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அடுத்த மலரில் அந்தப் பெயர்களும் அச்சாகட்டும். எல்லாம் வல்ல இறைவன் அவர்கள் அனைவருக்கும் மறுமையில் நற்கூலி வழங்குவானாக, ஆமீன்.