மலாக்காவின் நான்கு ஷாபந்தர்கள்

மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் 1400ஆம் ஆண்டையொட்டிப் பரமேஸ்வரன் நிறுவிய மலாக்கா, ஒரு நூற்றாண்டுக்குள் ஆசியாவின் தலையாய துறைமுகங்களுள் ஒன்றாக வளர்ந்ததற்குப் பருவக்காற்றே காரணம் என்பது பொதுவான விளக்கம். குஜராத்திலிருந்து வந்தவர்களும் சீனத்திலிருந்து வந்தவர்களும் காற்று திசைமாறும்வரை அங்கே மாதக்கணக்கில் தங்க நேர்ந்தது உண்மையே. ஆயினும் மொழியிலும் சமயத்திலும் பேரம் பேசும் முறையிலும் வேறுபட்டோர் ஓரூரில் காத்துக்கிடப்பது பூசலில் முடியவும் கூடும். அது வணிகமாகக் கனிந்தமைக்குக் காற்றைவிட நிர்வாக ஏற்பாடே பெரிதும் துணைநின்றது.

போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றிய மறு ஆண்டான 1512இல் அங்கு வந்த மருந்தாளர் தோமே பிரெஸ், அத்துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாகத் தம் ‘சூமா ஓரியென்டல்’ நூலில் எழுதினார். அவ்வெண்ணை அப்படியே கொள்ள வேண்டியதில்லை. போர்த்துக்கீசியருக்கு முன் மலாக்காவை ஆண்ட சுல்தான்கள் கால நடைமுறை பற்றி அவர் தரும் விவரங்களே கூடுதல் பயனுடையவை. துறைமுகத் தலைவரைக் குறிக்கும் பாரசீகப் பெயரான ‘ஷாபந்தர்’ என்னும் பதவியில் அங்கு நால்வர் இருந்தனர். குஜராத்தியருக்கென ஒருவரும், ‘கெலிங்’ என மலாயர் அழைத்த, தமிழர் உள்ளிட்ட சோழமண்டலக் கரையினருக்கும் வங்காளியர், பெகு, பாசை நாட்டினருக்கும் ஒருவரும், ஜாவா, மொலுக்கா முதலிய தீவினருக்கு ஒருவரும், சீனருக்கும் சம்பா நாட்டினருக்கும் ஒருவருமாக அப்பணி பகுக்கப்பட்டிருந்தது. கப்பல் வந்ததும் அதன் தலைவனைப் ‘பெண்டகாரா’ எனப்பட்ட முதலமைச்சர் முன் அழைத்துச்சென்று, சரக்குக்குக் கிடங்கு ஒதுக்கி, தங்குமிடம் தேடித்தந்து, சுமை ஏற்ற யானைகளுக்கும் ஆணையிடுவது ஷாபந்தரின் கடமை.

சரக்கு மதிப்பீட்டிலும் இதே எச்சரிக்கை தென்படுகிறது. மேற்கிலிருந்து வந்த சரக்கின் மதிப்பைச் சுங்கத் தலைவர் முன்னிலையில் பத்து வணிகர் கூடி முடிவுசெய்தனர். அவர்களுள் ஐவர் கெலிங் வணிகர், ஐவர் பிற நாட்டினர். அம்மதிப்பின்மேல் நூற்றுக்கு 6 வீதம் வரி விதிக்கப்பட்டது. இதனை அயலார்மீது கொண்ட பரிவு எனக் கொள்வது மிகை. சுங்க வருவாயில் வாழ்ந்த அரசு, வந்தவனின் வழக்கம் அறிந்தவரைக்கொண்டே அவனிடம் பேசுவது இலாபம் எனக் கண்டிருந்தது, அவ்வளவே.

1511இல் மலாக்காவை வென்ற போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க்கே, பள்ளிவாசலின் கற்களையும் சுல்தான்களின் கல்லறைக் கற்களையும் கொண்டு ‘ஆ ஃபமோசா’ கோட்டையை எழுப்பினார். தமிழ் இந்து வணிகரான நினா சட்டுவைப் பெண்டகாராவாக அமர்த்திப் பழைய அமைப்பின் ஒரு பகுதியை அவர் காத்தபோதிலும், முஸ்லிம் வணிகருக்கு அத்துறைமுகத்தில் முன்பிருந்த இடம் கிட்டவில்லை. அவர்களுள் பலர் சுமாத்ராவின் அச்சேக்குப் பெயர்ந்தனர். அவர்கள் வணிகத்தால் செழித்த அச்சே, 1629 வரை பலமுறை மலாக்காவின்மீது படையெடுத்தது.